நீலகிரியில் முதல் முறை தாய் மசாஜுக்குப் போகிறீர்களா? வரிசையாகச் செய்ய வேண்டியவை

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை பாக்டரி ஆபீஸில் கணக்கு எழுதுவது என் வேலை. நாள் முழுக்க நாற்காலி, குளிரில் காதுவரை தூக்கிக்கொண்ட தோள், மாலையில் வளைவு வளைவாக பஸ். கழுத்திலும் இடுப்பிலும் வலி பிடித்துக்கொண்டபோது முதலில் யாரிடம் போவது, கையில் எதை எடுத்துப் போவது, எவ்வளவு ஆகும் என்று கோவையாகச் சொல்ல ஒருவரும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒன்று சொன்னார்கள், மசாஜ் சென்டரில் வேறொன்று சொன்னார்கள், பக்கத்து வீட்டு அக்கா தைலத்தை நீட்டினார். அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். கீழே இருந்து புதிதாக மலைக்குக் குடிவந்தவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். கொடைக்கானலில் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

தாய்லாந்து முறையில் செய்யும் தாய் மசாஜ் நல்ல விஷயம், எனக்குப் பலன் கிடைத்தது. ஆனால் வலிக்கு அது முதல் படி இல்லை. டாக்டருக்கு அப்புறம்தான் அதன் இடம்.

1. இந்த வலிக்கு மசாஜ் ஆகுமா என்று முதலில் பாருங்கள்

குனிந்து நிமிரும்போது பிடிக்கிறது, காலையில் விறைப்பாக இருக்கிறது, வெந்நீரில் குளித்தால் இளகுகிறது என்றால் பெரும்பாலும் தசைவலிதான். அவசரம் இல்லை.

கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் மசாஜ் பேச்சே வேண்டாம்.

- சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, தொடை இடுக்கில் உணர்வு குறைவது, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்குவது. இது தண்டுவட நரம்பு நெருக்கப்படுவதால் வரலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி, தேவைப்பட்டால் 108.
- ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, சூடாக, தொட்டால் வலிப்பது. நீண்ட பயணத்துக்குப் பிறகு இப்படி வந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். அதை அமுக்கினால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்து உண்டு.
- காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணம் இல்லாமல் எடை குறைவது, கீழே விழுந்த பிறகு வந்த வலி, முன்பு புற்றுநோய் சிகிச்சை எடுத்திருப்பது.

மலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. ஏற்றம் ஏறும்போது தோளிலோ தாடையிலோ நெஞ்சிலோ வலி வந்து, நின்று மூச்சு வாங்கினால் அடங்குகிறதா? அதைத் தோள்பிடிப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். இதய வலி அப்படியும் வரும். நாளைக்கு என்று தள்ளாமல் இசிஜி எடுத்துவிடுங்கள்.

2. ஓபி சீட்டு, டாக்டர், அப்புறம் பிசியோதெரபி

அரசு ஆஸ்பத்திரியில் செலவு கிட்டத்தட்ட இல்லை. நேரம்தான் செலவு. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புதிய கட்டடம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மற்ற ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு எடுங்கள். நேராக பிசியோதெரபி அறைக்குப் போய் நின்றால் டாக்டர் சீட்டு கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். எலும்பு டாக்டரோ பொது டாக்டரோ பார்த்து, ஓபி சீட்டில் எழுதித் தந்த பிறகுதான் அங்கே போக முடியும். இந்த ஒரு வரிசை தெரியாமல் ஒரு காலைப்பொழுதையே இழப்பவர்கள் நிறையப் பேர்.

கையில் இருக்க வேண்டியவை: ஆதார், ஓடிபி வரும் போன், பழைய எக்ஸ்ரே இருந்தால் அது, தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள். மாத்திரைப் பெயரை வாயால் சொல்வதைவிட அட்டையைக் காட்டுவது எப்போதும் நல்லது.

டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எனக்கு மசாஜ் செய்துகொள்ளலாமா? எந்த இடத்தை அமுக்கக் கூடாது? பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லா முதுகுவலிக்கும் எம்ஆர்ஐ தேவையில்லை. மேலே சொன்ன ஆபத்தான அறிகுறிகள் இல்லை என்றால் முதல் சில வாரங்களுக்கு உடற்பயிற்சியும் மருந்துமே போதும் என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் சொல்வார்கள். நாமாகவே ஸ்கேன் சென்டருக்கு ஓட வேண்டாம்.

பிசியோதெரபி ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை, தொடர்ந்து சில நாள் வரச் சொல்வார்கள். பஸ்தான் பிரச்சினை. மலைப் பகுதிச் சாதாரணப் பேருந்துகளிலும் 2024-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது ஒரு ஆறுதல். வெளியே வர முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்ய வழி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். தனியாரிடம் நான் விசாரித்தபோது ஒரு தடவைக்கு 300 முதல் 500 ரூபாய் வரை சொன்னார்கள்.

சித்த மருத்துவப் பிரிவையும் விசாரித்து வையுங்கள். சித்த மருத்துவ மசாஜான நம் தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை உண்டு. அழுத்தலும் இழுத்தலும் தாய் மசாஜுக்கு ரொம்பக் கிட்டத்தில் வரும். தொக்கணம், வர்மம் செய்ய எல்லா ஆஸ்பத்திரியிலும் ஆள் இருப்பதில்லை. கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

3. ஒரு பக்கத்தில் உங்கள் உடம்பை எழுதி வையுங்கள்

மசாஜ் சென்டரில் படிவம் தருவார்கள், சில இடங்களில் தர மாட்டார்கள். எப்படியும் நீங்களே ஒரு தாள் தயார் செய்யுங்கள். பிபி, சுகர் அளவு, செய்துகொண்ட ஆபரேஷன்கள், எலும்பு முறிவு, உள்ளே பிளேட் அல்லது ஸ்டென்ட் இருக்கிறதா, கர்ப்பமா, எலும்புத் தேய்மானம் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் மாதிரி மாத்திரை எடுத்தால் அதை மேலே பெரிதாக எழுதுங்கள். அழுத்திப் பிடித்தால் உள்ளே ரத்தம் கட்டிவிடும்.

வார்ஃபரின் எடுப்பவர்கள் இங்கே கடைக்குக் கடை விற்கும் விண்டர்கிரீன் எண்ணெயையும் தவிர்க்க வேண்டும். அதில் உள்ள மெத்தில் சாலிசிலேட் தோல் வழியாக இறங்கி மாத்திரையின் வேகத்தைக் கூட்டும். நீலகிரித் தைலத்தையும் அப்படியே ஊற்றித் தேய்க்காதீர்கள். தேங்காய் எண்ணெயில் சில சொட்டுக் கலந்தால் போதும்.

முதல்வர் காப்பீட்டு அட்டையை மசாஜுக்கு எடுத்துப் போய்ப் பயனில்லை. மருத்துவக் காப்பீடு எதிலும் மசாஜ் செலவு திரும்பக் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

4. இடத்தைத் தேர்ந்தெடுப்பது

ஊட்டியிலும் குன்னூரிலும் ரிசார்ட்டுகளில் இருக்கும் ஸ்பாக்கள் ஒரு வகை, ஊருக்குள் தனியாக நடப்பவை இன்னொரு வகை. போர்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முறையான தாய் மசாஜ் தரையில் விரித்த மெத்தையில், தளர்வான பருத்தி உடையைப் போட்டபடியே, எண்ணெய் இல்லாமல் செய்வது. கட்டை விரல், உள்ளங்கை, முழங்கை, முழங்கால், பாதம் எல்லாவற்றாலும் அழுத்துவார்கள், கை காலை இழுத்து வளைத்து நீட்டுவார்கள். கட்டிலில் படுக்க வைத்து எண்ணெய் தேய்த்தால் அது வேறு மசாஜ். கெட்டது என்று இல்லை, ஆனால் நீங்கள் காசு கொடுத்துக் கேட்டது அது இல்லை.

செய்கிறவரின் சான்றிதழைக் கேட்கத் தயங்காதீர்கள். தாய்லாந்தில் ஐந்து நாளில் முடியும் 30 மணி நேரப் படிப்பு உண்டு, சுற்றுலா போகிறவர்களும் அதைப் படித்துவிட்டு வருவார்கள். அங்கே ஸ்பாவில் வேலை செய்கிறவருக்கு 150 மணி நேரப் பயிற்சி. நோய்க்காக மசாஜ் செய்ய அதைவிடப் பல மடங்கு படிக்க வேண்டும். ஆகவே சான்றிதழ் என்று ஒரு தாளைக் காட்டினால் அதில் எத்தனை மணி நேரம் என்று இருக்கிறது எனப் பாருங்கள். உள்ளாட்சி உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பெண்தான் செய்ய வேண்டும் என்றால் போனிலேயே சொல்லிவிடுங்கள், போன பிறகு "இன்னிக்கு லீவு" என்பார்கள். முதல் தடவை துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். உங்கள் போனை உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

5. போனில் கேட்க வேண்டியதும் பணம் கட்டுவதும்

ஒரு மணி நேரத்துக்கு நான் விசாரித்த இடங்களில் 1,500 முதல் 2,500 ரூபாய் வரை. ரிசார்ட் என்றால் 3,000-க்கு மேல். சீசனில் ஏற்றுவார்கள், ஏப்ரல், மே மாதங்களில் உள்ளூர்க்காரர்கள் போகாமல் இருப்பதே மேல். "வரி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேளுங்கள். அழகு, உடல்நலச் சேவைகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பில் வாங்குங்கள், அதில் பாருங்கள்.

ஒரு மணி நேரம் என்றால் மெத்தையில் ஒரு மணி நேரமா, உடை மாற்றுவதும் டீ குடிப்பதும் சேர்த்தா என்பதையும் கேட்க வேண்டும். தாய் மசாஜ் காலில் ஆரம்பித்து மெதுவாக மேலே வரும். ஒரு மணி நேரத்தில் முதுகுக்குப் பத்து நிமிடம்தான் மிஞ்சும். முடிந்தால் 90 நிமிடம் எடுங்கள். முடியாது என்றால், "கழுத்து, தோள், இடுப்புக்கு மட்டும் நேரம் கொடுங்கள்" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

பணத்தில் இரண்டு பொறிகள். இணைய வரைபடத்தில் பெயரோடு வரும் போன் நம்பர் அந்தக் கடையுடையதாக இல்லாமலும் இருக்கும். வாட்ஸ்அப்பில் அழகாகப் பேசி, முன்பணம் யுபிஐயில் போடு என்பார்கள், போட்டதும் நம்பர் எடுக்காது. நேரில் பார்க்காத இடத்துக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அடுத்தது பேக்கேஜ். பத்துத் தடவைக்குச் சேர்த்துக் கட்டினால் இரண்டு இலவசம் என்பார்கள். முதல் தடவை முடிந்து, மூன்று நாள் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் எதுவும் கட்டாதீர்கள்.

6. நாளும் நேரமும்

குளிரில் தசை இறுகியிருக்கும். டிசம்பர், ஜனவரியில் காலை எட்டு மணிக்கு உறைபனி விலகாத நேரத்தில் போய்ப் படுப்பதைவிட பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் போங்கள். அறையில் மின்சார ஹீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். கரி அடுப்பு வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திச் சூடேற்றும் அறையில் ஒரு நிமிடமும் இருக்காதீர்கள். மூடிய அறையில் கரிப்புகை வாசனை தெரியாமலே உயிரைக் குடித்துவிடும், மலையில் இப்படிச் சாவுகள் நடந்திருக்கின்றன. வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போதும் இதேதான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கோத்தகிரி, குன்னூர் பக்கம் மழையும் மண்சரிவும் உண்டு. அந்த மாதங்களில் காலையில் ரோடு நிலவரம் கேட்டுவிட்டு நேரம் குறியுங்கள். வண்டி டிஎன் 43, அதாவது நீலகிரிப் பதிவு இல்லை என்றால், கீழே போய்த் திரும்பும்போது மாவட்டத்துக்குள் நுழைய இணையத்தில் எடுக்கும் இ-பாஸ் வேண்டும். புதிதாகக் குடிவந்தவர்கள் இதை மறந்து சோதனைச் சாவடியில் நிற்பதைப் பார்க்கிறேன்.

சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகியிருக்கட்டும். முழுப் பட்டினியும் வேண்டாம், சுகர் உள்ளவர்களுக்கு இறங்கிவிடும். உடை அவர்களே தருவார்கள். இல்லை என்றால் தளர்ந்த பேண்ட்டும் பனியனும் போதும். ஜீன்ஸ் ஆகாது.

7. மெத்தையில் படுத்த பிறகு

முதலில் உங்கள் தாளைக் கொடுத்து வாயாலும் சொல்லுங்கள். செய்கிறவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள். பத்துக்கு ஐந்து என்கிற அளவு அழுத்தம் கேளுங்கள். மூச்சு சீராக வெளியே போகிற வரைக்கும் அழுத்தம் சரி. மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறீர்கள் என்றால் அது அதிகம், கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். வலித்தால்தான் குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வேண்டாம் என்று சொல்ல உரிமை உள்ள நான்கு விஷயங்கள் இருக்கின்றன. கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடுக்குவது ஒன்று. இது யாருக்குமே வேண்டாம், கழுத்து ரத்தக் குழாய் கிழியும் ஆபத்து சிறியதானாலும் உண்மையானது. முதுகின் மேல் ஏறி நிற்பது இரண்டாவது, ஐம்பது தாண்டியவர்களும் எலும்பு பலவீனமானவர்களும் மறுத்துவிடுங்கள். மூன்றாவது பலருக்குத் தெரியாது. தொடை தொடங்கும் மடிப்பில் உள்ளங்கையை வைத்து, துடிப்பு நிற்கும்வரை அரை நிமிடம்போல அழுத்திப் பிடித்துப் பிறகு விடுவார்கள். கால் முழுக்கச் சூடு இறங்குவது மாதிரி இருக்கும். பிபி, இதய நோய், நரம்புச் சுருட்டு உள்ளவர்களுக்கு அது கூடாது. நான்காவது, டிஸ்க் பிரச்சினை உள்ளவர்களின் காலை நேராக நீட்டித் தலைப்பக்கம் தள்ளுவது. காலில் மின்சாரம் ஓடுகிற மாதிரி இருந்தால் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும்.

8. முடிந்த பிறகு

சட்டென்று எழாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள், சின்ன பிளாஸ்டிக் பாட்டில் இந்த மாவட்டத்தில் கிடையாது, வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுபோங்கள். தூக்கக் கலக்கம் ஒரு மணி நேரமாவது இருக்கும். அந்த நிலையில் பைக் எடுத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கக் கூடாது. அடுத்த நாள் உடம்பு லேசாக வலிக்கும், இரண்டு நாளில் போய்விடும். மூன்றாம் நாளும் வலி கூடிக்கொண்டே போனாலோ மரத்துப்போனாலோ டாக்டர்தான்.

9. மீதி வேலை வீட்டில்

மாதம் ஒரு முறை 2,000 ரூபாய் கொடுத்து மசாஜ் செய்துகொண்டு, மற்ற நாளெல்லாம் கூன்போட்டு உட்கார்ந்தால் பணம்தான் வீண். தினமும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். தாய்லாந்தில் ரூசி தத் தோன் என்று ஒரு முறை இருக்கிறது, தன் உடம்பைத் தானே நீட்டி, அமுக்கிக்கொள்வது. பாங்காக்கின் வாட் போ கோயில் வளாகத்தில் இந்த நிலைகளில் முனிவர் சிலைகளே வைத்திருக்கிறார்கள். நாம் செய்ய எளிதானது இது.

முதலில் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடந்து சூடேற்றுங்கள். அப்புறம் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, வலது பாதத்தை இடது தொடைமேல் வையுங்கள். இரண்டு கட்டை விரலையும் குதிகாலுக்கு முன்னால் வைத்து, மூச்சை விடும்போது அழுத்தி, இழுக்கும்போது தளர்த்தி, விரல் விரலாக நகர்ந்து பெருவிரல் அடிவரை வாருங்கள். நடுப் பாதத்தில் ஒரு இடம் கூடுதலாக வலிக்கும், அங்கே மூன்று மூச்சு நில்லுங்கள். பிறகு கெண்டைக்காலை உள்ளங்கை அடியால், கணுக்காலிலிருந்து முழங்கால் பக்கம் அமுக்கிக்கொண்டே போங்கள். முழங்காலுக்குப் பின்னால் உள்ள குழியை மட்டும் தொடாதீர்கள். மற்ற காலுக்கும் அப்படியே. கடைசியில் கதவு நிலையில் இரண்டு முன்கையையும் வைத்து நெஞ்சை முன்னால் தள்ளி ஐந்து மூச்சு. குளிரில் குறுகிய தோள் இதில்தான் திறக்கும்.

வெந்நீர்ப் பை ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய். துணி சுற்றி இருபது நிமிடம் போதும். சுகரால் பாதம் மரத்தவர்கள் காலில் வைக்கக் கூடாது, வெந்துபோவதே தெரியாது.

உட்காரும் வேலை என்றால் பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், திரையின் மேல்விளிம்பு கண் உயரத்தில் இருக்க வேண்டும், முக்கால் மணிக்கு ஒரு தரம் எழ வேண்டும். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்காராதீர்கள், குலுங்கல் முழுக்க இடுப்பில் இறங்கும், நடுவில் இடம் பாருங்கள். கொழுந்து பறிக்கும் அக்காமார்கள் மூட்டையை ஒரே தோளில் தூக்காமல் மாற்றிக்கொண்டே இருந்தால் கழுத்துக்கு நல்லது. கேஸ் சிலிண்டர் நிறைந்திருந்தால் முப்பது கிலோ வரும். மலை வீடுகளில் ரோட்டிலிருந்து படி இறங்கித்தான் கொண்டுபோக வேண்டும். இரண்டு பேராகப் பிடியுங்கள், இடுப்பை முறுக்காமல் காலைத் திருப்பித் திரும்புங்கள்.

அடுத்த மசாஜுக்கு மூன்று, நான்கு வாரம் இடைவெளி விடுங்கள். தினசரிப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தும் ஆறு வாரத்தில் வலி குறையவில்லை என்றால் அடுத்த மசாஜுக்கு நேரம் கேட்காமல், ஓபி சீட்டை எடுத்துக்கொண்டு அதே டாக்டரைப் பாருங்கள். ஸ்கேன் வேண்டுமா என்று கேட்க வேண்டிய நேரம் அதுதான்.